இறங்கச் சொன்னது யார்?

வேதத்தில் வருகிற நாகமான் கதை தெரியாத பிள்ளை எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளியில் இருக்க முடியாது. ஏழு முறை முங்கி எழுந்த கதை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சுலபம். டீச்சர் 'ஒண்ணு' என்றதும் வகுப்பே பெஞ்சுக்குக் கீழே குனிந்து எழும், 'ரெண்டு' என்றதும் மறுபடி குனியும், ஏழாவதில் எல்லோரும் இரண்டு கையையும் நீட்டிக் காட்டிக் கத்துவோம், அதோடு மணி அடித்துவிடும். பெரியவளான பிறகு 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் தெரிந்தது, அவன் முங்கியது ஒரே ஒரு வசனம். அதற்கு முன்னால் அந்த மனுஷன் முங்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற கதை இருக்கிறது.

அவன் சாதாரண ஆள் இல்லை, சீரியா ராஜாவின் படைத்தலைவன். குஷ்டரோகம் வந்துவிட்டது. இஸ்ரவேலில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வைத்தியத்துக்குப் புறப்படுகிறான், பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடை, இதெல்லாம் போதாதென்று ராஜா கைப்பட ஒரு சிபாரிசுக் கடிதம். வேலூர்க்காரர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் பிறந்துவிட்டால், எந்த மூலையில் எந்தச் சொந்தக்காரருக்கு உடம்பு முடியாமல் போனாலும் நமக்கு வருகிற முதல் போன் "அங்க உனக்கு யாரையாவது தெரியுமா?" என்பதுதான். சீட்டு எடுத்து வரிசையில் உட்காருவது மற்றவர்களுக்கு, நமக்கு ஒரு தெரிந்த டாக்டர் வேண்டும், அவர் வெளியே வந்து தோளைத் தட்டி உள்ளே கூட்டிப்போக வேண்டும்.

அந்தத் தீர்க்கதரிசி எலிசா வெளியே வரவில்லை. குதிரைகளும் இரதமும் வாசலில் நிற்கிறது, அவர் வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு ஒரு ஆளை அனுப்பி, போய் யோர்தான் ஆற்றில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்று சொல்லிவிடுகிறார். நாகமானுக்கு வந்த கோபத்தை வேதம் அப்படியே பதிவு செய்திருக்கிறது. அவர் வெளியே வருவார், நின்று தம்முடைய தேவனைத் தொழுவார், அந்த இடத்தைக் கையால் தடவுவார், இப்படித்தான் நடக்கும் என்று "எனக்குள் நினைத்திருந்தேன்" என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் மொத்த ஆளும் தெரிகிறான். சுகம் கொடுக்கும்படி கேட்டு வந்தவன், அதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு வரைபடமும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அப்புறம் ஊர்ப் பெருமை வேறு. தமஸ்குவின் ஆறுகளான ஆப்னாவும் பர்பாரும் இஸ்ரவேலின் தண்ணீரையெல்லாம்விட நல்லதல்லவா, அங்கே முங்கினால் ஆகாதா என்கிறான். (நமக்கு அப்படிப் பேச வழியில்லை. 2021 நவம்பரில் கரை புரண்டு வந்தது போல எப்போதாவது வந்தால் உண்டு, மற்ற வருஷங்களில் பாலாற்றில் ஒரு முறை முங்கவே தண்ணீர் தேட வேண்டும்.)

இந்த அதிகாரம் முழுவதிலும் கடவுள் நேராக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். முதலில் ஒரு சிறுபெண், சீரியர் கொள்ளையடிக்கப் போன இடத்திலிருந்து பிடித்து வந்து நாகமானின் மனைவிக்கு வேலை செய்ய வைத்த பிள்ளை, அவள் பெயர்கூட வேதத்தில் இல்லை. அடுத்து எலிசா அனுப்பின அந்த ஆள். கடைசியாக நாகமானின் சொந்த வேலைக்காரர்கள். "தகப்பனே, அந்தத் தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் செய்ய உமக்குச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா?" என்று அவனைத் தாஜா பண்ணி ஆற்றுக்கு அழைத்துப் போகிறவர்கள் அவர்கள்தான். கடவுளின் வார்த்தை அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அவன் கைக்குக் கீழே இருந்தவர்கள் வாய் வழியாக.

பெருமையை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி நம் கூட்டங்களில் பேசும்போது இதை ஒருவரும் தொடுவதில்லை என்பது என் வருத்தம். கன்வென்ஷன் கடைசி நாள் ராத்திரி, கீபோர்டு மெதுவாக வாசிக்க, "ஒப்புக்கொடுக்கிறவங்க முன்னாடி வாங்க" என்று அழைப்பு வரும், நாமும் போய் முழங்கால் போடுவோம். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அழுகிறவர்கள் உண்மையாகத்தான் அழுகிறார்கள். ஆனால் சர்வவல்லவருக்கு முன்னால் முழங்கால் போடுவதில் நம் கவுரவத்துக்கு என்ன குறைச்சல்? ராஜாதி ராஜாவுக்கு முன்னால் குனிகிறவன் ஒரு வகையில் ராஜ சபைக்குள் நிற்கிறவன். மறுநாள் காலையில் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா "நீங்க நேத்து பேசினது சரியில்லம்மா" என்று சொல்லும்போது குனிய முடிகிறதா என்பதுதான் கேள்வி. கடவுளிடம் சரணடைவது மனிதர்கள் வழியாகத்தான் நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் நாம் கணக்கில் வைக்காத மனிதர்கள் வழியாக. இதுதான் நான் சொல்ல வந்தது, மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

எங்கள் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் தலைமை ஆசிரியர்தான். காட்பாடியில் எங்கள் தெருவில் குப்பை வண்டி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதிலிருந்து, சபையில் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருகிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதலில் சேவலை ஏலம் விட வேண்டுமா முள்ளுக் கத்தரிக்காய்க் கூடையை விட வேண்டுமா என்பதுவரை அவர்தான் சொல்வார். சபையை நிர்வகிக்கிற பாஸ்ட்ரேட் கமிட்டியில் பொருளாளராக இருந்த காலத்தில் ரசீதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் அடித்துத் திருத்தியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. நேர்மையான மனுஷன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் நேர்மையானவர்களிடம் ஒரு தனி வகைப் பெருமை உண்டு, கூட இருந்தவர்களுக்குத் தெரியும்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்கு வந்தோம், பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. குளிப்பாட்டி விட ஆள் வேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி, நான் மகள், நான் செய்வதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையனை வைத்தோம். பத்தாவது முடிக்காதவன், ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் துணைக்கு இருந்து இருந்தே வேலை கற்றவன், கை சுத்தம், வாய் கொஞ்சம் அதிகம். முதல் நாள் அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "சார், கையைத் தூக்குங்க." முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்து அப்பா சொன்ன வார்த்தை அது. அவர் தூக்கவில்லை. அவன் சும்மா நின்றான், குவளையில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, ஆற அமர. "சார், வெந்நீர் ஆறுது" என்று மட்டும் மறுபடி சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மேலே போனது, முழுதாக இல்லை, தோள் உயரத்துக்கு.

வேட்டி கட்டுவதில்தான் பெரிய தகராறு. அப்பா வேட்டியை இடப்பக்க மடிப்பு இத்தனை விரல் அகலம் என்று கட்டுகிறவர், பையன் லுங்கியைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி இடுப்பில் ஒரு சொருகு சொருகுவான். அவிழ்த்துக் கட்டச் சொல்வார், அவன் அதே மாதிரிதான் மறுபடி கட்டுவான். யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு தம் சீஷன் பேதுருவைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. நீ இளவயதாயிருந்தபோது உன்னை நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டமான இடங்களுக்குப் போனாய், முதிர்வயதாகும்போது உன் கைகளை நீட்டுவாய், "வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்." பேதுரு எப்படிச் சாவான் என்பதைக் குறித்துச் சொன்னது என்று அடுத்த வசனமே விளக்குகிறது, சரி. ஆனால் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அதை இரத்தசாட்சி மரணத்தைப் பற்றி மட்டும் என்று வாசிக்க மாட்டார்கள். இதைச் சொன்ன கையோடு இயேசு "என்னைப் பின்பற்றி வா" என்கிறார்.

இதே பேதுருதான் யோவான் 13-இல் காலைக் கழுவ விடமாட்டேன் என்று அடம் பிடித்தவன். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்தான். அடுத்தவர் காலை நான் கழுவுவது சுலபம், அதில் கொடுக்கிற கை நம்முடையது. நம் காலை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் சங்கடம். பெரிய வியாழன் அன்று ஆயர் கால் கழுவுகிற வழக்கம் உள்ள சபைகளில் பார்த்திருப்பீர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சிலர் பவுடரும் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். கழுவ வேண்டிய கால் வீட்டிலேயே தங்கிவிடும்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் முடியாது. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர், மிஷனெரிக் குடும்பம், தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்து இறங்கிய காலத்திலிருந்தே ஸ்கடர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைதான். ஐடாவுக்கு அது வேண்டாம், அமெரிக்காவில் படித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே ராத்திரி மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வலியில் இருக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார். ஆம்பிளை டாக்டர் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப் போனார்கள். ஐடா போய் மருத்துவம் படித்தார், 1899-இல் பட்டம், 1900-இல் திரும்பி வந்து ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார், அதுதான் வளர்ந்து எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியான சி.எம்.சி. ஆனது. இந்தக் கதையை எங்கள் ஊர் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. நல்ல கதைதான், ஆனால் இளம் வயதில் தன் ஆசையை விடுவதைப் பற்றிய கதை. ஆசையை விடுவது ஒப்புக்கொடுத்தலில் பாலபாடம்.

என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் பெரிய சரணடைதல் அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு வந்தது, அதை மேடையில் அதிகம் பேசுவதில்லை. 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியிருந்தார். பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும், அதற்குப் பெண் டாக்டர்கள் வேண்டும், அந்த மூன்று சாவுகளுக்கு அவர் கொடுத்த பதில் அதுதான். 1930-களின் கடைசியில் அரசாங்க விதி மாறியது. பழைய டிப்ளமா படிப்பு செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டம் தருகிற கல்லூரியாக உயர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். அதற்கு வேண்டிய பணமும் ஆளும் பெண்கள் பள்ளி என்கிற அளவில் திரட்ட முடியாது. எல்லா சபைகளும் சேர்ந்து நடத்தும் கல்லூரியாக ஆக வேண்டும், ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அமெரிக்காவில் அவருக்காகப் பல வருஷம் நிதி திரட்டிய நெடுநாள் தோழி லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார், பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுபதை ஒட்டிய வயதில், வாழ்நாள் முழுக்கக் கட்டியதை வேறு உருவத்துக்கு விட்டுக்கொடு என்று கேட்டால் என்ன செய்வது? கெட்டதை விடச் சொல்லவில்லை, நல்லதை, அதுவும் கடவுளே தன் கையில் கொடுத்தது என்று நம்பியதை. ஐடா சம்மதித்தார், அந்தத் தோழமையும் முறிந்தது. 1942-இல் பட்டப்படிப்பு வந்தது, 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதற்குள் அவர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார், பின்னால் இந்தியரான ஹில்டா லாசரஸ் தலைமைக்கு வந்தார். 1960-இல் கொடைக்கானலில் சாகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம் அவர் முதலில் கனவு கண்ட நிறுவனம் இல்லை. கல்லூரியின் குறிக்கோளாக மாற்கு 10:45 இருக்கிறது, ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும் வந்தார் என்கிற வசனம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று கதவுத் தட்டல்களைவிட இந்தச் சம்மதம்தான் தோன்றும்.

சபையில் இருபது வருஷம் ஒரே பாடகர் குழுவை நடத்தியவரிடம், ஒரே ஓய்வுநாள் பள்ளியைக் கண்காணித்தவரிடம், 'இனி அடுத்தவங்க பார்க்கட்டுமே' என்று சொல்லிப் பாருங்கள். 'இது ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஊழியம்' என்று பதில் வரும். ஊழியம் ஆண்டவர் கொடுத்ததுதான், பத்திரம் மட்டும் நம் பெயரில்.

இன்னொருவர் மேரி வர்கீஸ். இவரும் இதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர், 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தன்னைத் தூக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் அடுத்தவர் வர வேண்டிய நிலை. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்து வந்த பால் பிராண்டு, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது என்று அவருக்கு யோசனை சொன்னார், அவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடி கற்றுக்கொண்டு செய்தார். நடக்க முடிகிற நோயாளிக்கு நடக்க முடியாத டாக்டர். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை இங்கே வளர்த்தார், 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. இதைச் 'சாதனை'க் கதையாகச் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை. அந்தப் பெண் முதலில் கற்றுக்கொண்டது சாதிக்க இல்லை, அடுத்தவர் கை தன்மேல் படுவதை ஏற்றுக்கொள்ள. அதைக் கற்காமல் நாற்காலியில்கூட உட்கார்ந்திருக்க முடியாது.

சரி, ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியது தப்பான கையில் ஆயுதமாகிவிடும். 'பெருமையை விடு, தாழ்மையாயிரு, ஒப்புக்கொடு' என்கிற பிரசங்கம் எங்கள் பக்கம் பெரும்பாலும் யாருக்குப் போய்ச் சேருகிறது? குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணிடம், 'சித்தம் இருந்தா கர்த்தர் மாத்துவார், நீ கீழ்ப்படிஞ்சு இரு' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை தோளில் துண்டு போட உரிமை இல்லாதிருந்த குடும்பத்திலிருந்து வந்து, இன்று சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கிற வாலிபனைப் பார்த்து, 'தம்பி, தாழ்மை வேணும்' என்கிறார்கள். கேட்கிறவன் பெருமையா அது? நாகமான் கதையில் அந்தச் சிறுபெண்ணிடம் யாரும் இன்னும் தாழ்ந்து போ என்று சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்து பேசினாள், அது நல்லதாயிற்று. இறங்கச் சொல்லப்பட்டவன் இரதத்தில் வந்தவன். இயேசுவின் தாய் மரியாள் பாடின பாட்டும் அதைத்தான் சொல்கிறது, பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்று. ஒருவரை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறவர், அதனால் தனக்கு என்ன லாபம் என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். லாபம் இருந்தால் அது கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பது இல்லை, இவருக்கு ஒப்புக்கொடுப்பது.

அதேபோல, எதையும் கேட்காமல் 'எல்லாம் அவர் பார்த்துப்பார்' என்று கையைக் கட்டிக்கொள்வதையும் என்னால் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் கேட்டார். இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்று, வாய்விட்டு, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை போய்க் கேட்டார். "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்பது கேட்ட பிறகு வருகிற வார்த்தை. தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர் எதை ஒப்புக்கொடுப்பார்?

எங்கள் வீட்டுப் பெண்களின் ஜெபத்தில் இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். சித்தி பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். சித்தி ஜெபக் குழுவில் சொன்ன விண்ணப்பம், "ஆண்டவர் சித்தம்போல ஒரு நல்ல பையன் கிடைக்கணும்." பக்கத்திலேயே அவர் கையில் இருந்த தாளில் சித்தத்துக்கான விவரம் இருந்தது, உயரம், சம்பளம், சொந்த வீடு, தண்ணி சிகரெட் கூடாது, எங்கள் சபையான சி.எஸ்.ஐ.யாக (தென்னிந்தியத் திருச்சபை) இருந்தால் நல்லது, கடைசியில் சாதி. அந்த வரியில் மட்டும் 'நல்லது' இல்லை, கண்டிப்பு. நான் கேட்டேன், "சித்தி, இதுல அவர் சித்தத்துக்கு எந்தக் கட்டம் காலியா இருக்கு?" சித்தி சிரித்துவிட்டு, "அதெல்லாம் உலக வழக்கம்மா, அவருக்குத் தெரியும்" என்றார்.

நாகமான் 'ஆப்னா, பர்பார்' என்றதும் இதே இடம்தான். தண்ணீர் வேண்டும், அது எங்கள் ஊர்த் தண்ணீராக இருக்க வேண்டும். ஆராதனையில் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் வாங்குகிறோம், அப்பமும் ரசமும், பந்தியில் மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிறோம். நூற்றாண்டுக்கு மேல் கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பங்களில் கடவுளுக்கு இன்னும் திறக்காத அறை எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பணத்தைக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள், தசமபாகம் சரியாக வருகிறது. இதைக் கொடுப்பதில்லை. இதைத் தொட்டுப் பேசுகிற ஆயருக்கு அடுத்த டிரான்ஸ்பரில் தூரத்துச் சபை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் முழுக்கப் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணியும் இந்தப் பக்கம் வராமலே ஈஸ்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சுத்தமான நாகமானும் முழுசாக மாறிவிட்டான் என்று வேதம் சொல்லவில்லை, அதுவும் எனக்குப் பிடித்த இடம். இஸ்ரவேலின் மண்ணிலிருந்து இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவு கேட்கிறான், ஊருக்குக் கொண்டுபோய் அதன்மேல் நின்று கும்பிட. ராஜாவோடு அவர்கள் தெய்வமான ரிம்மோனின் கோவிலுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே நான் குனிய நேர்ந்தால் மன்னிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறான். எலிசா அதற்கு ஒரு பெரிய உபதேசமும் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் புது வருஷத்தில் உடன்படிக்கை ஆராதனை நடப்பதுண்டு. ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தொடங்கி வைத்த முறை, மெதடிஸ்டுகள் வழியாக சி.எஸ்.ஐ.க்கு வந்தது. அதில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஒரு ஜெபம் உண்டு. நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன், உமக்கு இஷ்டமான வேலையில் என்னை வையும், இஷ்டமானவர்களோடு என்னைச் சேர்த்து வையும், உமக்காக நான் வேலையில் இருக்கட்டும், அல்லது உமக்காக ஒதுக்கி வைக்கப்படட்டும் என்கிற பொருளில் போகும். 'இஷ்டமானவர்களோடு' என்கிற இடமும் 'ஒதுக்கி வைக்கப்படட்டும்' என்கிற இடமும் வேகமாக வாசித்துக் கடந்துவிடக்கூடியவை.

விழுந்த பிறகு அப்பா முதன்முதலாகக் கோவிலுக்கு வந்தது அந்த ஆராதனைக்குத்தான். வாக்கர் பிடித்து, கணியம்பாடிப் பையன் பின்னால் வர, வழக்கமான முன்வரிசையை விட்டுக் கதவோரம் உட்கார்ந்தார். பொருளாளர் பொறுப்பு கைமாறி மாதங்கள் ஆகியிருந்தது. அந்த ஜெபத்தை அவர் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையும் பிரித்து, பள்ளியில் உறுதிமொழி வாசிக்கிற குரலில் வாசித்தார். அந்த இடத்தில் குரல் தடுமாறும் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறுவதற்குள் என்னிடம், "அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கை யார் முடிச்சாங்க?" என்றார். புதுப் பொருளாளர் பெயரைச் சொன்னேன், அப்பாவிடம் எட்டாவது படித்தவன்தான்.

"அவனா? அவனுக்குக் கூட்டல் வருமா?"

"சார், முதல்ல காலை உள்ள வைங்க" என்றான் பின்னால் நின்றவன்.